ஜாவா கேமில் ஸ்பிரைட் ஷீட்டை அசைய வைப்பது: ஷீட்டை அளப்பது முதல் ஜாராகக் கட்டுவது வரை

இதை முடிக்கும்போது உங்கள் திரையில் ஒரு விண்டோ இருக்கும். அதற்குள் ஒரு கதாபாத்திரம் அம்புக்குறி விசைக்கேற்ப நான்கு திசையிலும் நடக்கும், விசையை விட்டால் நிற்கும், வாள் வீசும், அடிபட்டால் விழும். ஸ்பிரைட் ஷீட் என்பது கதாபாத்திரத்தின் அசைவுப் படங்களெல்லாம் கட்டம் கட்டமாக அடுக்கிய ஒரே படம்; அதில் ஒவ்வொரு கட்டமும் ஒரு ஃபிரேம். கேம் என்ஜின் எதுவும் வேண்டாம். ஜேடிகேவோடு வரும் ஸ்விங், ஜாவா 2டி இரண்டும் போதும்.

புதிதாகச் செய்பவர்களின் நிரலைத் திறந்து பார்த்தால் கோளாறு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். படத்தைப் படிப்பது, இப்போது எந்த ஃபிரேம் என்று முடிவு செய்வது, அதை வரைவது ஆகிய மூன்று வேலையும் ஒரே மெத்தடுக்குள் குவிந்து கிடக்கும். கீழே உள்ள படிகளின் வரிசை அந்த மூன்றையும் பிரித்து வைப்பதற்காகவே. ஒரு படி சரியாக ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

ஜாவா பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ஐடிஇயில் முதல் சில எழுத்துகளைத் தட்டினாலே சரியான ஸ்பெல்லிங் வந்துவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஜேடிகே 17 அல்லது 21 இருந்தால் நல்லது. 8 இருந்தாலும் இங்கே சொல்வதில் ஏறக்குறைய எல்லாமே ஓடும். கிளாஸ், அரே, இன்டர்ஃபேஸ் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். ஸ்விங்கில் ஒரு வெற்று விண்டோவையாவது ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

அடுத்து ஒரு ஷீட். நான் எடுத்துக்கொள்வது எல்பிசி வகை ஷீட். லிபரேட்டட் பிக்சல் கப் என்ற போட்டிக்காக உருவான வடிவம் அது. ஓப்பன்கேம்ஆர்ட் தளத்தில் இந்த அளவில் ஏராளமான உடல்களும் உடைகளும் கிடைக்கின்றன. எல்லாம் ஒரே கட்டமைப்பில் இருப்பதால், ஒருமுறை எழுதிய நிரல் அடுத்த கதாபாத்திரத்துக்கும் அப்படியே பொருந்தும். உரிமத்தை மட்டும் முதலிலேயே பாருங்கள். இந்தப் படங்களில் பலவும் கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன் ஷேர்அலைக் உரிமத்தில் உள்ளவை. வரைந்தவர்களின் பெயரை உங்கள் கேமில் குறிப்பிட்டே ஆக வேண்டும். இறக்கும்போதே அந்தப் பெயர்ப் பட்டியலையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். பிறகு தேடி எடுப்பது பெரும் தலைவலி.

கோப்பு பிஎன்ஜியாக இருக்கட்டும். ஜேபெக்கில் ஒளிபுகும் பின்னணி கிடையாது, ஓரங்களிலும் அழுக்குப் பிக்சல்கள் வந்துவிடும். பிரவுசரில் வலது கிளிக் செய்து சேமித்த படம் சில நேரம் வெப்பி வடிவத்தில் வந்திருக்கும். பெயரின் கடைசியை மாற்றினால் அது பிஎன்ஜி ஆகிவிடாது. ஜாவாவின் இமேஜ்ஐஓ வெப்பியைப் படிக்காது. இதனால் வரும் விசித்திரமான கோளாறை மூன்றாம் படியில் பார்ப்போம்.

2. ஷீட்டை அளந்து தாளில் எழுதுங்கள்

நிரல் எழுதும் முன்பே இதைச் செய்ய வேண்டும். இதைத் தாண்டிப் போனவர்கள்தான் பிறகு எண்களைக் கூட்டியும் குறைத்தும் குத்துமதிப்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எல்பிசியின் அடிப்படை ஷீட் 832 பிக்சல் அகலம், 1344 பிக்சல் உயரம். ஒரு ஃபிரேம் 64க்கு 64. ஆக 13 நெடுவரிசை, 21 வரிசை. வகுத்தால் மீதி வரக் கூடாது. மீதி வந்தால் ஒன்று ஃபிரேம் அளவு தவறு, இல்லையென்றால் ஷீட்டில் ஓர இடைவெளி இருக்கிறது என்று பொருள். சில ஷீட்டுகளில் கீழே கூடுதல் அசைவுகள் சேர்ந்து உயரம் இன்னும் அதிகமாக இருக்கும். அதனால் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் கோப்பை அளந்துவிடுங்கள்.

வரிசைகளைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுங்கள். 0 முதல் 3 வரை மந்திரம் போடுவது, ஒவ்வொன்றிலும் 7 ஃபிரேம். 4 முதல் 7 வரை ஈட்டியால் குத்துவது, 8 ஃபிரேம். 8 முதல் 11 வரை நடை, 9 ஃபிரேம். 12 முதல் 15 வரை வாள் வீச்சு, 6 ஃபிரேம். 16 முதல் 19 வரை வில் எய்வது, 13 ஃபிரேம். 20ஆம் வரிசை விழுவது, 6 ஃபிரேம், ஒரே திசை. மற்ற ஒவ்வொரு நான்கிலும் திசைகளின் வரிசை இதுதான்: மேல், இடம், கீழ், வலம்.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. வில் எய்யும் வரிசையில் மட்டும்தான் 13 கட்டமும் நிரம்பியிருக்கும். நடை வரிசையில் 9 கட்டத்துக்குப் பிறகு வெறும் ஒளிபுகும் இடம்தான். 13 நெடுவரிசை இருக்கிறதே என்று 13 வரை ஓடவிட்டால் கதாபாத்திரம் நடக்கும், திடீரென மறையும், மறுபடி தோன்றும்.

இரண்டாவது பொறி, நடை வரிசையின் முதல் கட்டம் நடை அல்ல, நிற்கும் நிலை. அதையும் சேர்த்து 9 ஃபிரேமாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நொண்டல் தெரியும். நடைக்கு 1 முதல் 8 வரை, நிற்பதற்கு 0 மட்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வேறு ஷீட் எடுத்தால் ஓரத்தில் எத்தனை பிக்சல் விட்டிருக்கிறார்கள், கட்டங்களுக்கு நடுவே எத்தனை பிக்சல் என்பதையும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. கோப்பை வைக்கும் இடம், படிக்கும் முறை

மேவன் அல்லது கிரேடில் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்தினால் எஸ்ஆர்சி, மெயின், ரிசோர்சஸ் என்ற ஃபோல்டருக்குள் ஸ்பிரைட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வையுங்கள். படிக்க, கிளாஸின் கெட்ரிசோர்ஸ் மெத்தடில் சாய்கோட்டில் தொடங்கும் பாதையைக் கொடுத்து, கிடைக்கும் யூஆர்எல்லை இமேஜ்ஐஓ.ரீட் மெத்தடிடம் தாருங்கள். கைக்கு வருவது ஒரு பஃபர்டுஇமேஜ்.

ஃபைல் கிளாஸில் முழுப் பாதையைக் கொடுத்தால் இன்றைக்கு ஓடும். ஜாராக, அதாவது நிரலும் படங்களும் சேர்ந்த ஒரே கோப்பாகக் கட்டியதும் படம் ஜாருக்குள் போய்விடும், அப்போது அந்தப் பாதையில் கோப்பே இருக்காது.

முன்னால் சாய்கோடு ஏன்? கிளாஸின் கெட்ரிசோர்ஸுக்குச் சாய்கோடு இல்லாமல் கொடுத்தால், அந்தக் கிளாஸ் இருக்கும் பேக்கேஜுக்குள் தேடும். கிளாஸ்லோடரின் கெட்ரிசோர்ஸுக்கு இது தலைகீழ்: அங்கே சாய்கோடு போடக் கூடாது. இரண்டையும் கலந்து பார்த்த நிரல்களை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டும்போதுதான் குழப்பம் வருகிறது.

பாதை தவறினால் கெட்ரிசோர்ஸ் நல் (எதுவும் இல்லை என்ற மதிப்பு) தரும், இமேஜ்ஐஓ உடனே இல்லீகல்ஆர்கியுமென்ட்எக்செப்ஷன் எறியும். இன்புட் நல் என்ற செய்தியைப் பார்த்தால் படத்தில் குறை இல்லை, பாதையில்தான்.

கோப்பு கிடைத்து, வடிவம் புரியாவிட்டால் நடப்பது வேறு. வெப்பிக் கோப்பு அப்படித்தான். இமேஜ்ஐஓ எந்த எக்செப்ஷனும் எறியாமல் அமைதியாக நல்லைத் திருப்பித் தரும். அந்த நல்லை நேரே டிராஇமேஜுக்குக் கொடுத்தால் அதுவும் சத்தமில்லாமல் எதுவும் வரையாமல் திரும்பிவிடும். திரை காலி, பிழைச் செய்தியும் இல்லை. அதனால் படித்த அடுத்த வரியிலேயே வந்தது நல்தானா என்று சோதித்து, கோப்பின் பெயரைச் சொல்லி நீங்களே ஒரு எக்செப்ஷன் எறியுங்கள்.

டூல்கிட்டின் கெட்இமேஜ் வேண்டாம். அது படத்தைப் பின்னணியில் படிக்கிறது. படித்து முடிக்கும் முன் அகலத்தைக் கேட்டால் மைனஸ் 1 வரும், உங்கள் கணக்கெல்லாம் தவறும்.

4. ஃபிரேம்களை வெட்டுவது

கணக்கு எளியது. எக்ஸ் = ஓரம் + நெடுவரிசை × (அகலம் + இடைவெளி). ஒய் = ஓரம் + வரிசை × (உயரம் + இடைவெளி). எல்பிசியில் ஓரமும் இடைவெளியும் பூஜ்ஜியம். கீழ்நோக்கி நடக்கும் வரிசை 10, அதில் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணி நெடுவரிசை 3 என்றால் எக்ஸ் 192, ஒய் 640.

பஃபர்டுஇமேஜின் கெட்சப்இமேஜ் மெத்தடுக்கு எக்ஸ், ஒய், அகலம், உயரம் என்ற வரிசையில் கொடுங்கள். ஷீட்டுக்கு வெளியே போனால் ராஸ்டர்ஃபார்மேட்எக்செப்ஷன் வரும். அகலம் மிஞ்சியதா உயரம் மிஞ்சியதா என்பதையும் அந்தச் செய்தியே சொல்லும். இந்த ஷீட்டில் அகலம் மிஞ்சியது என்றால் பெரும்பாலும் வரிசையையும் நெடுவரிசையையும் இடம் மாற்றியிருப்பீர்கள்.

ஒரே எண்ணிலிருந்து இரண்டையும் கணக்கிடும் பழக்கம் சிலருக்கு உண்டு: எண்ணை நெடுவரிசைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஈவு வரிசை, மீதி நெடுவரிசை. இரண்டுக்குமே வகுக்கும் எண் நெடுவரிசைகளின் எண்ணிக்கைதான். ஈவுக்கு மட்டும் வரிசைகளின் எண்ணிக்கையைப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சதுரமான ஷீட்டில் அது வெளியே தெரியாது, 13க்கு 21 போன்ற ஷீட்டில் மாட்டிக்கொள்ளும்.

எல்லா ஃபிரேமையும் கேம் தொடங்கும்போதே வெட்டி, முதலில் வரிசை, அடுத்து நெடுவரிசை என்று இரட்டை அரேயில் வையுங்கள். கெட்சப்இமேஜ் பிக்சல்களை நகலெடுப்பதில்லை. பழைய ஷீட்டின் அதே பிக்சல்களைத்தான் புதிய சட்டத்தின் வழியே காட்டுகிறது. இதனால் நினைவகம் மிச்சம். ஆனால் அடிபட்டதைக் காட்ட ஒரு ஃபிரேமைச் சிவப்பாக்கினால் மூல ஷீட்டும் சிவப்பாகும். பிக்சல்களைத் திருத்தப் போகிறீர்கள் என்றால், கிராஃபிக்ஸ்கான்ஃபிகரேஷனின் கிரியேட்கம்பேட்டிபிள்இமேஜ் மூலம் ஒளிபுகும் வகைப் புதிய படம் எடுத்து அதில் நகலை வரைந்துகொள்ளுங்கள்.

இந்த இடத்தில் நிறுத்தி, ஒரே ஒரு ஃபிரேமை விண்டோவில் வரைந்து பாருங்கள். தலை வெட்டுப்பட்டோ பக்கத்து ஃபிரேமின் கை எட்டிப் பார்த்தோ இருந்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். அசைய விட்ட பிறகு இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

5. ஷீட் ஒன்று, கதாபாத்திரம் பல

832 × 1344 படம் வட்டில் சில நூறு கேபிதான் இருக்கும். நினைவகத்தில் விரிந்தால் பிக்சலுக்கு 4 பைட் வீதம் சுமார் 44.7 லட்சம் பைட், அதாவது ஏறக்குறைய நாலரை எம்பி. எதிரி கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்குள் படத்தைப் படிக்கும் வரியைப் போட்டால், 50 எதிரிகளுக்கு 220 எம்பிக்கு மேல் போய்விடும். ஒவ்வொரு எதிரி தோன்றும்போதும் ஆட்டம் ஒரு கணம் திக்கும்.

அதனால் மூன்று கிளாஸ் எழுதுங்கள். முதலாவது ஷீட்: ஃபிரேம் அரேயை வைத்திருக்கும், ஒருமுறை உருவானதும் மாறாது. இரண்டாவது கிளிப்: எந்த வரிசை, எந்த நெடுவரிசையில் தொடக்கம், எத்தனை ஃபிரேம், ஒரு ஃபிரேமுக்கு எவ்வளவு நேரம், சுற்றுமா ஒருமுறையோடு நிற்குமா. இதுவும் மாறாது. மூன்றாவது பிளேயர்: இப்போது எந்தக் கிளிப், அதில் எத்தனையாவது ஃபிரேம், சேர்ந்த நேரம் எவ்வளவு. இது மட்டும் கதாபாத்திரத்துக்கு ஒன்று.

ஃபிரேம் எண்ணைக் கிளிப்பிலோ ஷீட்டிலோ வைத்தால், இரண்டு எதிரிகள் திரையில் வந்ததும் இருவரும் ஒரே காலை ஒரே நேரத்தில் தூக்குவார்கள். போதாதற்கு, இருவரும் அதே எண்ணைக் கூட்டுவதால் வேகமும் இரட்டிப்பாகும். ஸ்டாட்டிக் என்ற சொல்லை எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

6. நேரக் கணக்கு

பெரும்பாலான அனிமேஷன் கோளாறுகள் இந்தப் படியில்தான் பிறக்கின்றன. அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதலில் டைமர். ஜாவாவில் அந்தப் பெயரில் இரண்டு உண்டு. நமக்கு வேண்டியது ஸ்விங் பேக்கேஜில் இருப்பது. அது உங்கள் நிரலை, திரையை வரையும் அதே திரெட்டில் (நிரல் ஓடும் இழையில்) கூப்பிடும். யூட்டில் பேக்கேஜில் உள்ள டைமர் தனித் திரெட்டில் ஓடும். பாதி மாறிய நிலையில் கதாபாத்திரம் வரையப்படும் அபாயம் அதில் உண்டு. இரண்டு பேக்கேஜையும் நட்சத்திரம் போட்டு இம்போர்ட் செய்தால் எது என்று தெரியவில்லை என கம்பைலர் நிற்கும். முழுப் பெயரோடு இம்போர்ட் செய்துவிடுங்கள்.

டைமருக்கு 16 மில்லிசெகண்ட் கொடுங்கள். சரியாக 16 வரும் என்று மட்டும் நம்ப வேண்டாம். ஒருமுறை 15, ஒருமுறை 18, இடையில் ஏதாவது ஓடினால் 40 கூட வரும். எத்தனை முறை கூப்பிட்டது என்று எண்ணி ஃபிரேமை மாற்றினால், மெதுவான கணினியில் கதாபாத்திரமும் மெதுவாக நடக்கும். எண்ண வேண்டியது கடந்த நேரத்தை.

டைமர் ஒருமுறை கூப்பிடுவதை ஒரு டிக் என்போம். ஒவ்வொரு டிக்கிலும் சிஸ்டம்.நானோடைம் கேட்டு, போன டிக்கின் மதிப்பைக் கழித்து, 1,000,000,000.0 ஆல் வகுத்தால் செகண்டில் இடைவெளி கிடைக்கும். அந்தப் புள்ளி பூஜ்ஜியம் முக்கியம். அது இல்லாவிட்டால் முழு எண் வகுத்தல் நடந்து எப்போதும் 0 வரும், எதுவும் அசையாது. கரன்ட்டைம்மில்லிஸ் எதற்கு வேண்டாம் என்றால், அது சுவர்க் கடிகாரத்தின் நேரம். கணினி இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொண்டால் அது பின்னால்கூடப் போகும்.

இந்த இடைவெளி கால் செகண்ட், அரை செகண்ட் என்று வந்தால் 0.1 செகண்டாக வெட்டிவிடுங்கள். டீபக்கரில் பிரேக்பாயின்ட்டில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத் தொடர்ந்தால், வெட்டாத நிரலில் கதாபாத்திரம் ஒரே டிக்கில் சுவரைத் தாண்டிப் போயிருக்கும்.

அடுத்து பிளேயர் கிளாஸின் அப்டேட் மெத்தட். மிச்சம் என்று ஒரு டபுள் மாறி வைத்து அதில் இடைவெளியைக் கூட்டுங்கள். மிச்சம் ஒரு ஃபிரேமின் நேரத்தைவிட அதிகமாகவோ சமமாகவோ இருக்கும்வரை, அந்த நேரத்தை மிச்சத்திலிருந்து கழித்து ஃபிரேம் எண்ணை ஒன்று கூட்டுங்கள். இஃப் போதாது, வைல் லூப் வேண்டும். வாள் வீச்சில் 50 மில்லிசெகண்ட் ஃபிரேம் இருந்து, இடைவெளி 100 வந்தால் இரண்டு ஃபிரேம் நகர வேண்டும்.

மிச்சத்தைப் பூஜ்ஜியமாக்காமல் ஏன் கழிக்கிறோம்? ஃபிரேமுக்கு 100 மில்லிசெகண்ட், டிக் 16 என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது டிக்கில் 112 சேரும். பூஜ்ஜியமாக்கினால் மேலதிக 12 தொலைந்துவிடும். எட்டு ஃபிரேம் நடைச் சுற்று 800க்குப் பதில் 896 மில்லிசெகண்ட் ஆகும். கணினிக்குக் கணினி இந்தத் தொலைப்பு மாறும் என்பதால் நடையின் வேகமும் மாறும்.

சுற்றும் கிளிப் என்றால் எண்ணை ஃபிரேம்களின் எண்ணிக்கையால் வகுத்து மீதியை எடுங்கள். ஒருமுறை மட்டும் ஓடும் கிளிப் என்றால் கடைசி ஃபிரேமில் நிறுத்தி, முடிந்தது என்ற கொடியை உயர்த்துங்கள். எண் எப்போதும் கிளிப்புக்குள் 0 முதல் எண்ணப்படட்டும். ஷீட்டின் நெடுவரிசை வேண்டும்போது தொடக்க நெடுவரிசையைக் கூட்டிக்கொள்ளலாம். நெடுவரிசையையே நேராகச் சுற்றவிட்டால், 1 முதல் 8 வரை போக வேண்டிய நடை மறுபடி 0க்குப் போய் அந்த நொண்டலைத் திரும்பக் கொண்டுவரும்.

திரெட்.ஸ்லீப் போட்டு ஃபிரேமுக்கு ஃபிரேம் காத்திருக்கலாமே என்று தோன்றும். டைமரின் லிசனருக்குள் அதைச் செய்தால் வரையும் திரெட்டே தூங்கிவிடும். விசையும் வேலை செய்யாது, விண்டோவை மூடும் பட்டனும் வேலை செய்யாது.

7. வரைவது

ஜேபேனலை நீட்டித்து பெயின்ட்காம்போனென்ட் மெத்தடை ஓவர்ரைட் செய்யுங்கள். முதல் வரியில் சூப்பரின் அதே மெத்தடைக் கூப்பிட வேண்டும். பின்னணியைத் துடைப்பது அதுதான். விட்டுவிட்டால் கதாபாத்திரம் போகும் வழியெல்லாம் பழைய உருவங்கள் வரிசையாகத் தங்கும்.

பெயரின் கடைசியில் எஸ் சேர்ந்துவிடாமல் பாருங்கள். பன்மைப் பெயரிலும் ஒரு மெத்தட் இருக்கிறது. பப்ளிக் என்று போட்டு அதை ஓவர்ரைட் செய்தால் கம்பைலர் மறுப்பே சொல்லாது, ஆனால் நீங்கள் வரைந்தது திரையில் வராது.

இந்த மெத்தடுக்குள் நடக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பிளேயரிடம் இப்போதைய ஃபிரேமைக் கேட்டு டிராஇமேஜ் செய்வது. ஃபிரேம் எண்ணைக் கூட்டுவது, படத்தைப் படிப்பது, இடத்தை நகர்த்துவது எதுவும் இங்கே வரக் கூடாது. விண்டோவின் அளவை மாற்றினாலும் மறைந்திருந்தது வெளியே வந்தாலும் ஸ்விங் தானாக இதைக் கூப்பிடும். மறுபக்கம், மறுபடி வரையச் சொல்லும் ரீபெயின்ட் மெத்தடை நீங்கள் இரண்டு முறை கூப்பிட்டால் சேர்த்து ஒருமுறைதான் வரையக்கூடும். விண்டோவின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கதாபாத்திரம் வேகமாகக் காலை ஆட்டுகிறதா? எண்ணை இங்கே கூட்டியிருக்கிறீர்கள்.

பேனலின் கெட்கிராஃபிக்ஸை எடுத்து வெளியிலிருந்து வரைவதும் வேண்டாம். அடுத்த ரீபெயின்ட்டில் அது அழிந்துவிடும், படம் மினுக்கும். ஜேபேனலுக்கு டபுள் பஃபரிங் (மறைவில் வரைந்து முடித்துத் திரைக்குக் கொண்டுவருவது) இயல்பாகவே இருக்கிறது. லினக்ஸில் அசைவு திக்கித் திக்கி வந்தால், வரைந்து முடித்ததும் டூல்கிட்டின் சிங்க் மெத்தடைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

கதாபாத்திரத்தின் இடமாக ஃபிரேமின் இடது மேல் மூலையை வைக்காமல், பாதத்தின் நடுப்புள்ளியை வையுங்கள். வரையும்போது எக்ஸிலிருந்து 32ம் ஒய்யிலிருந்து 64ம் கழித்தால் போதும். நாளை 192 பிக்சல் சதுரத்தில் ஒரு பெரிய வாள் வீச்சைச் சேர்த்து, உடல் அதன் நடுக் கட்டத்தில் இருந்தால், அந்தக் கிளிப்புக்கு மட்டும் 96ம் 128ம் கழிப்பீர்கள். மூலையை வைத்திருந்தால் வாளை எடுத்ததும் ஆள் ஒரு எட்டுத் தள்ளிப்போய்த் திரும்பி வருவான்.

8. நிலை மாறும்போது

நடக்கிறது, ஆனால் கால் அசையவில்லை, சறுக்கிக்கொண்டே போகிறது. புதியவர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான். காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: ஒவ்வொரு டிக்கிலும் நடைக் கிளிப்பை வை என்று பிளேயரிடம் சொல்கிறார்கள், அது ஒவ்வொரு முறையும் எண்ணைப் பூஜ்ஜியமாக்குகிறது. ஒரு ஃபிரேமுக்கான நேரம் சேரவே வாய்ப்பில்லை.

கிளிப்பை மாற்றும் மெத்தடின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: வந்தது இப்போது ஓடும் அதே கிளிப் என்றால் எதுவும் செய்யாமல் திரும்பு. வேறு என்றால் மட்டும் எண்ணும் மிச்சமும் பூஜ்ஜியம், முடிந்தது என்ற கொடியும் இறங்க வேண்டும். அந்தக் கொடியை மறந்தால் இரண்டாவது வாள் வீச்சு தொடங்கும்போதே முடிந்துவிடும்.

ஒரு நுணுக்கம். இடப்பக்கம் நடப்பவன் மேல்பக்கம் திரும்பினால் எண்ணைப் பூஜ்ஜியமாக்காமல் தொடரவிடுவது கண்ணுக்கு நன்றாக இருக்கும். இரண்டு கிளிப்பிலும் ஃபிரேம் எண்ணிக்கை சமமாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

விசைகளைப் பொறுத்தவரை, அழுத்தும்போது ஒரு பூலியனை உயர்த்துங்கள், விடும்போது இறக்குங்கள், நகர்த்துவதை டிக்கில் செய்யுங்கள். அழுத்தும் நிகழ்வுக்குள்ளேயே நகர்த்தினால், இயங்குதளம் விசையை மறுபடி அனுப்பத் தொடங்கும் முன் எடுக்கும் சிறு இடைவெளி நடையின் தொடக்கத்தில் திக்கலாகத் தெரியும். விசை வேலையே செய்யவில்லை என்றால் பேனலுக்கு ஃபோக்கஸ் இல்லை. செட்ஃபோக்கசபிள் சொல்லிவிட்டு ஃபோக்கஸைக் கேளுங்கள்.

அப்புறம் முன்னுரிமை. விழுவது, வாள் வீச்சு, நடை, நிற்பது என்ற வரிசையில் சோதியுங்கள். வாள் வீச்சு முடிந்தது என்ற கொடி உயரும்வரை நடை குறுக்கிடக் கூடாது. இதை எழுதாவிட்டால் விசையை அழுத்தியபடி வாளை வீசும்போது ஒரு ஃபிரேம் மட்டும் மின்னி மறையும்.

வாள் வீச்சின் ஆறு ஃபிரேமுக்கும் ஒரே நேரம் கொடுத்தால் சப்பென்று இருக்கும். ஓங்கும் ஃபிரேமுக்கு 150, நடுவில் வீசும் ஃபிரேம்களுக்கு 50, கடைசிக்கு 120 மில்லிசெகண்ட் என்று கொடுத்துப் பாருங்கள். கிளிப்பில் ஒரு எண்ணுக்குப் பதில் ஒரு அரே வைத்தால் போதும், இதே படங்களுக்கே கனம் வந்துவிடும்.

9. கால் தரையில் பதிய வேண்டும்

நடைச் சுற்று 0.8 செகண்ட். அந்தச் சுற்றில் படத்தில் உள்ள கால்கள் எவ்வளவு தூரம் கடக்கின்றன என்று ஷீட்டில் பார்த்து உத்தேசமாக அளவிடுங்கள். 64 பிக்சல் என்றால் நகரும் வேகம் செகண்டுக்கு 80 பிக்சல். 200 வைத்தால் பனியில் சறுக்குவது போலிருக்கும். வேகமாக ஓட வேண்டுமென்றால் ஃபிரேம் நேரத்தையும் சேர்த்துக் குறையுங்கள்.

இடத்தை டபுளில் வையுங்கள். 80 பிக்சல் வேகத்தில் ஒரு டிக்குக்கு 1.28 பிக்சல். முழு எண்ணில் வைத்தால் வலப்பக்கம் நடக்கும்போது டிக்குக்கு 1 மட்டுமே கூடும். 30 பிக்சல் வேகத்தில் வரும் 0.48 பூஜ்ஜியமாகி, ஆள் நின்ற இடத்திலேயே நடப்பான். வரையும் வரியில் மட்டும் மேத்.ரவுண்ட் போட்டு முழு எண்ணாக்குங்கள்.

10. திருப்புவதும் பெரிதாக்குவதும்

எல்பிசியில் இடமும் வலமும் தனித்தனியே இருப்பதால் திருப்ப வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் உள்ள ஷீட் என்றால், டிராஇமேஜுக்கு எக்ஸுடன் அகலத்தைக் கூட்டிக் கொடுத்து, அகலத்தை மைனஸில் கொடுங்கள். படம் கண்ணாடி பிம்பமாக வரும். எக்ஸில் அகலத்தைக் கூட்ட மறந்தால் திரும்பும்போதெல்லாம் ஆள் ஒரு ஃபிரேம் அகலம் தாவுவான்.

வெட்டாமலே ஷீட்டிலிருந்து நேராக வரைய பத்து அளவுருக்கள் கொண்ட டிராஇமேஜ் ஒன்று உண்டு. அதில் கேட்பது அகலமும் உயரமும் அல்ல, எதிர் மூலையின் இடம். 64, 64 என்றே கொடுப்பவர்களுக்கு முதல் ஃபிரேம் மட்டும் சரியாக வந்து, மற்றவை நசுங்கியோ தலைகீழாகவோ வரும். தொடக்கத்தில் இதைத் தவிர்த்து, வெட்டி வைத்த ஃபிரேமையே பயன்படுத்துங்கள்.

பிக்சல் படங்களை 2 மடங்கு, 3 மடங்கு என்று முழு எண்ணில் மட்டும் பெரிதாக்குங்கள். ஜாவா 2டி இயல்பாகவே அருகாமைப் பிக்சல் முறையில் பெரிதாக்கும். படம் மங்கலாகத் தெரிந்தால் பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தைக் கலக்கும் பைலினியர் இன்டர்போலேஷனை எங்கோ இயக்கியிருக்கிறீர்கள். விண்டோஸில் திரை அளவு 150 சதவீதம் என்று இருந்தால், ஜாவா 9க்குப் பிறகு ஸ்விங்கும் அதே விகிதத்தில் பெரிதாகும். சில பிக்சல்கள் தடித்தும் சில மெலிந்தும் தெரிவது அதனால்தான். சன்.ஜாவா2டி.யூஐஸ்கேல் என்ற அமைப்பை 1 என வைத்து ஓட்டினால் அந்தப் பெரிதாக்கல் நின்றுவிடும்.

11. ஜாராகக் கட்டி வேறு ஃபோல்டரிலிருந்து ஓட்டுங்கள்

ஐடிஇக்குள் ஓடியது ஜாரில் ஓடும் என்பதற்கு உறுதி இல்லை. கட்டியதும் ஜாரை மட்டும் டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்து, டெர்மினலிலிருந்து ஜாவா மைனஸ் ஜார் கட்டளையில் ஓட்டுங்கள். இரட்டைக் கிளிக் செய்தால் பிழைச் செய்தி கண்ணில் படாது.

விண்டோஸ் ஃபோல்டரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பொருட்டல்ல. ஜாருக்குள் அது பொருட்டு. கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கி, நிரலில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால் இதுவரை ஓடிய கேம் இங்கே நின்றுவிடும். எல்லாக் கோப்புப் பெயரும் சிறிய எழுத்து, நடுவில் வெற்றிடம் கிடையாது என்று முதல் நாளிலேயே வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

படம் கிடைக்கவில்லை என்றால் ஜாரை ஏதாவது ஜிப் கருவியில் திறந்து பாருங்கள். உள்ளே படம் இருந்தால் நிரலில் உள்ள பாதை தவறு. இல்லையென்றால் பில்ட் அமைப்பில் ரிசோர்சஸ் ஃபோல்டர் சேரவில்லை. திறந்த கையோடு, முதல் படியில் சேமித்த பெயர்ப் பட்டியல் கோப்பும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.